796 சி.சி.: ஒரு சிறிய எஞ்சினைப் பற்றிய வாசகர் கேள்விகள்

மாருதி 800 காரில் இருந்த மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினைப் பற்றி வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டாலும், நம் சிற்றூர்ச் சாலைகளில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் கேள்விகளைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: என் தந்தையார் 1997இல் வாங்கிய மாருதி 800 இன்றும் எங்களிடம் நல்ல நிலையில் இருக்கிறது. அதன் எஞ்சின் 796 சி.சி., 37 குதிரைத்திறன், 59 நியூட்டன் மீட்டர் என்று சொல்கிறார்கள். இந்த எண்களுக்கு என்ன பொருள்? இன்றைய மோட்டார் சைக்கிள்களிலேயே இதைவிடத் திறன் மிக்கவை இருக்கும்போது, இந்த எஞ்சின் ஒரு குடும்பத்தையே எப்படிச் சுமந்தது?
— ஒரு வாசகர், கரூர்

பதில்: முதலில் 796 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். சுஸுகி நிறுவனம் எஃப்8பி என்று பெயரிட்ட இந்த எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் உள்விட்டமும் 68.5 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 72 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டு அதை 7.2 சென்டிமீட்டரால் பெருக்கினால் ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 265.3 கன சென்டிமீட்டர் வரும். மூன்று சிலிண்டருக்குமாகச் சேர்த்தால் 796. காரின் பெயரில் உள்ள 800 இதன் முழுமையாக்கப்பட்ட வடிவம்தான்.

இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன என்பதற்குப் பின்னால் ஜப்பானின் ஒரு சட்டம் இருக்கிறது. அங்கே கெய் கார்கள் எனப்படும் மிகச் சிறிய கார்களின் எஞ்சின் 1976 முதல் 1990 வரை 550 சி.சி.யைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருந்தது. அந்த வரம்புக்குள் சுஸுகி செய்த எஃப்5ஏ எஞ்சின் 543 சி.சி. கொண்டது, அதன் உள்விட்டம் 62 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 60 மில்லிமீட்டர். வெளிநாட்டுச் சந்தைகளில் அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் அதே குடும்பத்து எஞ்சினை உள்விட்டத்தில் ஆறரை மில்லிமீட்டரும் ஸ்ட்ரோக்கில் 12 மில்லிமீட்டரும் பெரிதாக்கினார்கள். இப்படி உள்விட்டத்தைவிட ஸ்ட்ரோக் நீண்டதாக அமைந்தது நமக்கு நன்மையாயிற்று. நீண்ட ஸ்ட்ரோக் கொண்ட எஞ்சின்கள் பொதுவாகக் குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவையைத் தரும்படி அமைக்கப்படுகின்றன.

உங்கள் கேள்வியின் மையமும் இந்த இழுவைதான். முறுக்கு விசை என்பது மிதிவண்டியின் பெடலை நீங்கள் எவ்வளவு பலமாக அழுத்துகிறீர்கள் என்பதைப் போன்றது. குதிரைத்திறனோ அந்த அழுத்தத்தையும், பெடல் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கிய கணக்கு. இந்த எஞ்சினின் உச்ச முறுக்கு விசையான 59 நியூட்டன் மீட்டர் நிமிடத்திற்கு 2500 சுழற்சிகளிலேயே கிடைத்துவிடுகிறது. 37 குதிரைத்திறன் கிடைக்க 5000 சுழற்சிகள் வேண்டும். 2500 சுழற்சிகளில் கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 20 குதிரைத்திறன் கைக்கு வருகிறது. அதாவது பாதி வேகத்தில் சுழலும்போதே பாதிக்கு மேற்பட்ட திறன் கிடைக்கிறது. நீங்கள் குறிப்பிடும் மோட்டார் சைக்கிள்களில் பல, தம் உச்சத் திறனை எட்ட எட்டாயிரம், ஒன்பதாயிரம் சுழற்சிகள் வரை சுழல வேண்டியவை. சந்தைத் தெருவில் மூன்றாவது கியரில் ஊர்ந்து செல்லும் காருக்கு அந்தத் திறனால் பயனில்லை.

அடுத்தது எடை. ஏ.சி. இல்லாத மாருதி 800 சுமார் 650 கிலோதான். அதே காலத்தில் ஓடிய பிரீமியர் பத்மினியின் எஞ்சின் 1089 சி.சி., நான்கு சிலிண்டர், ஏறத்தாழ 40 குதிரைத்திறன். ஆனால் கார் 900 கிலோவுக்கு அருகில் இருந்தது. ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்று பார்த்தால் மாருதிக்கு 57ஐ ஒட்டியும் பத்மினிக்கு 45ஐ ஒட்டியும் வரும். நான்கு பேர் ஏறிய பிறகும் மாருதியே முன்னால் நிற்கும். ஆகவே, எஞ்சினின் அளவை மட்டும் தனியே எடுத்து மதிப்பிடுவது சரியான முறையல்ல என்பது என் உறுதியான கருத்து. எந்த எடையை, எந்தச் சுழற்சியில், எவ்வளவு நேரம் அது இழுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மலைப்பாதையில் ஏ.சி.யை இயக்கியதும் கார் தளர்வதை உணர்ந்திருப்பீர்கள். ஏ.சி. கம்ப்ரஸர் எடுத்துக்கொள்ளும் சில குதிரைத்திறன் பெரிய எஞ்சினுக்குப் பொருட்டில்லை. மொத்தமே 37 உள்ள எஞ்சினுக்கு அது கணிசமான பங்கு.

கேள்வி: வண்டி நிற்கும்போது எஞ்சின் நடுங்குவது மூன்று சிலிண்டர் என்பதால்தானா? இதைச் சரிசெய்ய முடியுமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஓரளவு அதன் இயல்பு, ஓரளவு பராமரிப்பைப் பொறுத்தது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றுவதற்குள், அதாவது 720 பாகைக்குள், எல்லாச் சிலிண்டர்களும் ஒருமுறை எரிந்து முடிய வேண்டும். நான்கு சிலிண்டர் என்றால் 180 பாகைக்கு ஒருமுறை உந்துதல் கிடைக்கும். மூன்று சிலிண்டரில் 240 பாகைக்கு ஒருமுறைதான். குறைந்த சுழற்சியில் அந்த இடைவெளி கைக்கும் காலுக்கும் தெரிகிறது. மேலும், மூன்று பிஸ்டன்களின் மேல்கீழ் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டாலும், அவை ஒரே இடத்தில் செயல்படாமல் வரிசையாக இருப்பதால் எஞ்சினின் முன்முனையும் பின்முனையும் மாறி மாறித் தூக்கிப்போடும் அசைவு மிஞ்சுகிறது. இதை அடக்கச் சில எஞ்சின்களில் தனியாக ஒரு சமநிலைத் தண்டு வைப்பார்கள். எஃப்8பி எளிமையையும் குறைந்த எடையையும் நோக்கிச் செய்யப்பட்டதால் அதில் அது இல்லை.

ஆனால், முன்பு இல்லாத நடுக்கம் புதிதாகத் தோன்றினால் இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகள் இறுகிப்போயிருக்கலாம். ஒரு ஸ்பார்க் பிளக் வேலை செய்யாமல் இருக்கலாம். மூன்றில் ஒன்று நின்றால் திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பதால் அதை உடனே உணர முடியும். வால்வு இடைவெளியும் காலப்போக்கில் மாறும். இவற்றை எல்லாம் பார்த்துவிட்டு, அதன் பிறகே ஐடிலிங் ஸ்க்ரூவில் கை வைக்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். சுழற்சியைக் கூட்டி நடுக்கத்தை மறைப்பது பெட்ரோலை வீணாக்குவதாகும்.

கேள்வி: இதே எஞ்சின்தான் ஆம்னியிலும் ஆல்டோவிலும் இருந்ததா? ஆல்டோ எஞ்சினை என் 800 காரில் பொருத்தலாமா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆம்னி 1984இல் வந்தபோது இதே 796 சி.சி. எஞ்சின்தான், ஆனால் வைத்த விதம் வேறு. 800இல் எஞ்சின் முன்புறம் குறுக்குவாட்டில் அமர்ந்து முன்சக்கரங்களை இயக்கியது. ஆம்னியில் முன் இருக்கைகளுக்குக் கீழே நீளவாட்டில் அமர்ந்து பின்சக்கரங்களை இயக்கியது. அதனால்தான் நீண்ட பயணத்தில் ஆம்னியின் ஓட்டுநர் இருக்கை சூடாகிறது. சாதாரணப் பழுதுக்கும் இருக்கையைத் தூக்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூட வேனாகவும், ஆம்புலன்ஸாகவும், கடைச் சரக்கு வண்டியாகவும் அது ஆற்றிய பணி பெரிது. 2019 வரை அது தயாரிக்கப்பட்டது.

2000இல் வந்த ஆல்டோவில் இருந்தது எஃப்8டி. உள்விட்டமும் ஸ்ட்ரோக்கும் அதேதான். ஆனால் சிலிண்டருக்கு இரண்டு வால்வுகளுக்குப் பதில் நான்கு, ஆக மொத்தம் ஆறுக்குப் பதில் 12. காற்று உள்ளே வரவும் புகை வெளியேறவும் வழி அகலமானதாலும், பெட்ரோலை அளந்து பீச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறை வந்ததாலும் திறன் 46 குதிரைத்திறனாகவும் முறுக்கு விசை 62 நியூட்டன் மீட்டராகவும் உயர்ந்தன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், திறன் கால் பங்கு கூடிய அளவுக்கு முறுக்கு விசை கூடவில்லை. கூடிய திறனின் பெரும்பகுதி உயர்ந்த சுழற்சியில்தான் கிடைக்கிறது. பிற்கால ஆல்டோ 800இல் முறுக்கு விசை 69 ஆனது, ஆனால் அது 3500 சுழற்சிகளில். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்குப் பழைய ஆறு வால்வு எஞ்சின் இன்றும் இதமாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

இந்த எஞ்சின் நம் நாட்டோடு நின்றுவிடவில்லை. பாகிஸ்தானில் மெஹ்ரான் என்ற பெயரில் ஓடிய கார் 2019 வரை இதே 796 சி.சி. எஞ்சினோடு தயாரிக்கப்பட்டது. தென்கொரியாவின் டேவூ நிறுவனம் 1991இல் கொண்டுவந்த டிக்கோவும், பின்னர் இந்தியாவிலும் விற்ற மாட்டிஸும் இதே குடும்ப வழிவந்த 796 சி.சி. எஞ்சின்களைக் கொண்டவை.

மாற்றிப் பொருத்துவது பற்றி: இயந்திர அளவில் முடியக்கூடியதே. ஆனால் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினுக்கு அதன் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சென்சார்கள், வயரிங், டாங்குக்குள் அமரும் மின்சாரப் பெட்ரோல் பம்ப் எல்லாமே தேவை. அதோடு எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனத்தின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் மாற்றினால் தகுதிச் சான்று, காப்பீடு இரண்டிலும் சிக்கல் வரும். உங்கள் எஞ்சின் தேய்ந்திருந்தால் சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து, அதாவது போரிங் செய்து, அதையே புதுப்பியுங்கள்.

கேள்வி: சூப்பர் கேரி டீசல் சிறு லாரியில் இருப்பதும் இதே 800 எஞ்சின்தான் என்கிறார்கள். உண்மையா?
— ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: இல்லை. அது 793 சி.சி. கொண்ட இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். முற்றிலும் வேறு வடிவமைப்பு. எண்கள் நெருங்கியிருப்பதால் ஏற்பட்ட குழப்பம் இது.

கேள்வி: கோடையில் வெப்பமானி முள் மேலே ஏறுகிறது. ஹெட் கேஸ்கட் மாற்றி ஓராண்டுகூட ஆகவில்லை. மறுபடியும் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். ஏன்?
— ஒரு வாசகர், வேலூர்

பதில்: இந்த எஞ்சினின் கீழ்ப்பகுதியான சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியம். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். இயல்பான சூட்டில் இந்த வேறுபாட்டை இடையில் உள்ள கேஸ்கட் தாங்கிக்கொள்ளும். கூலன்ட் குறைந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் விரிய இடமில்லாமல் வளைந்துவிடுகிறது. ஆறிய பிறகும் அந்த வளைவு முழுவதும் நேராவதில்லை. வளைந்த ஹெட்டின் மீது எத்தனை புதிய கேஸ்கட் வைத்தாலும் அது நிலைக்காது. எனவே ஹெட்டைக் கழற்றும்போது நேர்விளிம்புச் சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துச் சமதளத்தைச் சோதித்தார்களா, வளைவு இருந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீவினார்களா, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே செல்லும் வரிசையில், படிப்படியாக, டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கினார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் பழுது திரும்பி வரும்.

சூடு ஏன் ஏறியது என்ற மூலக் கேள்வியும் இருக்கிறது. நம்மில் பலர் ரேடியேட்டரில் ஆழ்குழாய்க் கிணற்று நீரையே ஊற்றுகிறோம். அதிலுள்ள உப்பு படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடுகிறது. கூலன்ட்டை உரிய விகிதத்தில் காய்ச்சி வடித்த நீருடன் கலந்து ஊற்றினால் உப்பும் படியாது, துருவும் பிடிக்காது, கொதிநிலையும் உயரும். ரேடியேட்டர் ஃபேன் உரிய நேரத்தில் சுழலத் தொடங்குகிறதா என்று வண்டியை நிறுத்திவைத்துப் பாருங்கள். சூடு ஏறுகிறது என்பதற்காக, எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அதனால் எஞ்சின் உரிய வெப்பநிலையை எட்டாமல் ஓடிப் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டரும் விரைவில் தேயும். இந்த வழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். கூலன்ட் கசிவு ஏதும் தென்படாமலேயே குறைவது, சைலன்சரில் விடாத வெண்புகை, ஆயில் மூடியின் உட்புறத்தில் பால்போன்ற படிவு ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

ஹெட்டைத் திறக்கும் வேலையோடு டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிடுவது நல்லது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை இயக்குவது அந்த ரப்பர் பட்டைதான். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வயதாகும்போது பற்கள் உதிரும். ஆயில் பட்டால் இன்னும் விரைவில் கெடும்.

கேள்வி: 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய கார்புரேட்டர் வண்டியில் ஊற்றலாமா?
— ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: வண்டி ஓடும், ஆனால் அதன் பாகங்கள் இந்த எரிபொருளை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலக்கும்போது மொத்த ஆற்றல் ஆறு, ஏழு விழுக்காடு குறையும். மைலேஜிலும் அந்த அளவு குறைவை எதிர்பார்க்கலாம். எத்தனால் எரியக் காற்று குறைவாகத்தான் தேவை. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் ஆக்சிஜன் சென்சார் புகையைச் சோதித்து, எரிபொருளின் அளவை ஓரளவு தானே திருத்திக்கொள்ளும். காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரில், பெட்ரோல் வரும் ஜெட் துளையின் அளவு மாறாதது. ஆகவே கலவை வறண்டுபோகிறது, அதாவது தேவைக்கு மேல் காற்று மிகுந்துவிடுகிறது. காலையில் கிளப்பும்போது தயங்குவதும், ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு நொடி திணறுவதும் அதன் அறிகுறிகள். அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் தாங்கும் தன்மையைக் காட்டும் ஆக்டேன் எண் இந்தக் கலப்புப் பெட்ரோலுக்கு உயர்வு என்பது உண்மையே. ஆனால் அந்த உயர்வைப் பயன்படுத்தும் அளவுக்கு எஃப்8பி அதிக அழுத்தத்தில் இயங்குவதில்லை.

இதைவிடக் கவலைக்குரியது ரப்பர்தான். பெட்ரோல் குழாய்கள், பம்பின் உள்ளே இருக்கும் டயஃப்ரம், கார்புரேட்டரின் வாஷர்கள் ஆகியவை எத்தனாலில் ஊறி உப்பலாம் அல்லது விரிசல் விடலாம். பெட்ரோல் வாடை அடித்தால் உடனே பாருங்கள். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவது உயிருக்கே ஆபத்து. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியில் டாங்கின் அடியில் நீர் சேரும். பழைய வண்டியை வைத்திருப்பவர்கள் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறையேனும் சற்றுத் தொலைவு ஓட்டுவது நல்லது.

கேள்வி: பழைய 800 எஞ்சின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. கிணற்றிலிருந்து நீர் இறைக்கவோ ஜெனரேட்டர் ஓட்டவோ பயன்படுத்தலாமா?
— ஒரு விவசாயி, தருமபுரி

பதில்: எஞ்சினுக்குத் திறன் உண்டு, ஆனால் உங்கள் பணத்துக்கு நன்மை இல்லை. கார் எஞ்சின் முழுத் திறனைக் காட்டுவது முந்திச் செல்லும் சில நொடிகளில்தான். மற்ற நேரமெல்லாம் சிறிதளவு சுமையோடு ஓடுகிறது. பம்ப் எஞ்சினோ மணிக்கணக்கில் ஒரே சுமையில் ஓட வேண்டும். 2500 சுழற்சிகளில் கிடைக்கும் 20 குதிரைத்திறனில் பாதிக்கு மேல் தொடர்ந்து எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பாதிக்கே மணிக்கு மூன்று லிட்டருக்கு மேல் பெட்ரோல் செலவாகும். அதே வேலையை டீசல் எஞ்சின் வெகுவாகக் குறைந்த எரிபொருளில் செய்துவிடும். மின் இணைப்பு இருந்தால் கணக்கே வேண்டாம்.

ஜெனரேட்டருக்கு இன்னொரு தடை இருக்கிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 அலைவுகள் கொண்டது. நேரடியாக இணைத்தால், மின்சாரத்தை உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் 1500 அல்லது 3000 சுழற்சிகளில் மாறாமல் சுழல வேண்டும். சுமை ஏறும்போதும் இறங்கும்போதும் சுழற்சியை ஒரே அளவில் வைத்திருக்கும் கவர்னர் இந்தக் கார் எஞ்சினில் கிடையாது. அந்த வேலையைச் செய்வது ஓட்டுநரின் கால். கவர்னர் இல்லாமல் ஓட்டினால் விளக்கும் மோட்டாரும் கெடும். ஓடும் காரின் எதிர்க்காற்றும் ரேடியேட்டருக்குக் கிடைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் இயந்திரவியல் மாணவன். இந்த எஞ்சினைப் பந்தயக் காரில் பயன்படுத்தியதாகக் கேள்விப்பட்டேன். 37 குதிரைத்திறனில் என்ன பந்தயம்?
— ஒரு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் ஊர்க்காரர் ஒருவரின் சாதனை அது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் 1980களில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். மாருதி 800இன் எஞ்சினை எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து, இலேசான உடலமைப்பில் பொருத்தினார். வெளிநாட்டிலிருந்து பந்தய எஞ்சின் தருவிப்பது கனவாக இருந்த காலத்தில், எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கும் ஓர் எஞ்சினைத் தேர்ந்தெடுத்ததால் இளைஞர்கள் பலருக்குப் பந்தயம் எட்டும் தொலைவுக்கு வந்தது. நாராயண் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை ஸ்ரீபெரும்புதூர் பந்தயத் தடத்தில் ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். அதிலேயே முதல் மூவருள் ஒருவராக வந்தார். பின்னாளில் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரும் அவரே.

திறன் குறைவாக இருப்பது பழகுபவருக்கு நல்ல ஆசான் என்பதே என் எண்ணம். 200 குதிரைத்திறன் உள்ள காரில் வளைவில் செய்த தவற்றை அடுத்த நேர்ப்பாதையில் ஆக்சிலேட்டரை மிதித்து மறைத்துவிடலாம். 37 குதிரைத்திறனில் அப்படி முடியாது. வளைவில் இழந்த வேகத்தைத் திரும்பப் பெற நெடுநேரம் ஆகும். பிரேக்கை எங்கே விடுவது, எந்தக் கோட்டில் திரும்புவது, எந்தக் கியரில் வெளியேறுவது என்று ஒவ்வொன்றையும் கணக்கிட்டே ஓட்ட வேண்டும். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பந்தய நாட்களில் அங்கே போய், சிறிய எஞ்சின் கொண்ட கார்கள் வளைவுகளுக்குள் நுழைவதையும் வெளியேறுவதையும் கவனித்துப் பாருங்கள். வகுப்பில் படிக்கும் முறுக்கு விசை வரைபடம் உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.